வெளியே கட்டிய ரேஸ் கார் அந்தக் கம்பெனியின் கார்தானா?

கேள்வி இது: பிரான்ஸின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடிய போர்ஷே 963-இன் சேஸிஸை, அதாவது காரின் அடிக்கூட்டை, செய்து கொடுத்தது கனடாவின் மல்டிமேட்டிக். பிஎம்டபிள்யூவுக்கும் கேடிலாக்குக்கும் இத்தாலியின் டல்லாரா. அப்படியிருக்க இவற்றை உண்மையான போர்ஷே, உண்மையான பிஎம்டபிள்யூ என்று எப்படிச் சொல்வது? பெயர் மட்டும்தானே அவர்களுடையது?

நேராகச் சொல்லிவிடுகிறேன். வெளியாள் கட்டினார் என்பதற்காக மட்டும் ஒரு ரேஸ் கார் அந்தக் கம்பெனியுடையது இல்லை என்று ஆகிவிடாது. உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் அதைக் கேட்க வேண்டிய இடம் வேறு. கார்பன் ஃபைபர் கூட்டை எந்த ஊர்ப் பட்டறையில் அச்சிலிருந்து எடுத்தார்கள் என்று நான் முதலில் பார்ப்பதில்லை. இந்தக் கார் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தது யார், பாதி ராத்திரியில் அது புகைவிட்டு நின்றால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று பார்ப்பேன். இரண்டுக்கும் மூக்கில் முத்திரை ஒட்டிய கம்பெனியே விடை என்றால், கட்டியவர் யாராக இருந்தாலும் அது அவர்கள் கார். விடை வேறு யாரோ என்றால், சொந்தத் தொழிற்சாலையிலேயே கட்டியிருந்தாலும் எனக்கு அதில் மரியாதை குறைவுதான்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். சேஸிஸ், இன்ஜின், கியர்பாக்ஸ், பெயிண்ட் எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்பது ஃபெராரியின் மரனெல்லோ நம் மனதில் பதித்துவிட்ட படம். பந்தய உலகத்தில் அது விதிவிலக்கு. பெரிய கார் கம்பெனிகள் பந்தயத்துக்கு வரும்போதெல்லாம் வெளியே போய்த்தான் கட்டியிருக்கிறார்கள். ஃபோர்டு ஜிடி40-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஃபெராரியை விலைக்கு வாங்கப் போய், 1963-இல் பேச்சுவார்த்தை முறிந்த கோபத்தில் பிறந்த கார் அது. அமெரிக்கக் கௌரவத்தின் சின்னம் என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். ஆனால் அதன் வேர் எரிக் பிராட்லி இங்கிலாந்தில் செய்த லோலா எம்கே6. முதல் கார்களைக் கட்டியது லண்டனுக்குப் பக்கத்தில் ஸ்லோவில். உருக்குக் கூடு கோவென்ட்ரியின் ஏபி பேனல்ஸ் செய்தது. 1966-இல் லே மானில் முதல் மூன்று இடங்களையும் பிடித்த எம்கே2 என்ற ஜிடி40 வகையை அந்த நிலைக்குக் கொண்டுவந்ததில் கரோல் ஷெல்பியின் கலிஃபோர்னியா ஆட்களுக்குப் பெரிய பங்கு. இத்தனை கைகள் பட்டும் அது ஃபோர்டு இல்லை என்று யாரும் சொன்னதில்லை. காரணம், பணம் ஃபோர்டுடையது, பிடிவாதம் ஃபோர்டுடையது, 1964-இலும் 1965-இலும் தோற்றபோது தலைகுனிந்ததும் ஃபோர்டுதான்.

இதை ஃபோர்டு முழுக்கக் கவலையில்லாமல் எடுத்துக்கொண்டது என்றும் சொல்ல மாட்டேன். 1967-க்கு எம்கே4 என்ற காரை அமெரிக்காவிலேயே வடிவமைத்து, அமெரிக்காவிலேயே கட்டி, டான் கர்னி, ஏ.ஜே. ஃபாய்ட் என்ற இரண்டு அமெரிக்கர்களை ஓட்டவைத்து ஜெயித்தார்கள். ஆக, எங்கே கட்டினோம் என்பது அவர்கள் மனதிலும் கொஞ்சம் உறுத்தியிருக்கிறது. அந்த உறுத்தலை நான் மதிக்கிறேன். ஆனாலும் இன்று ரசிகர்கள் சுவரில் மாட்டும் படம் பெரும்பாலும் 1966-இல் ஜெயித்த கார்தான்.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த உதாரணத்துக்கு வருகிறேன். இந்தக் கேள்விக்கு வேண்டிய எல்லா விடைகளும் இந்த ஒரு கூட்டுக்குள் இருக்கின்றன.

1991-இல் ஜாகுவார் எக்ஸ்ஜேஆர்-14 என்று ஒரு கார் வந்தது. கட்டியது ஜாகுவார் இல்லை, டாம் வாக்கின்ஷாவின் பந்தயக் கம்பெனியான டிடபிள்யூஆர். வடிவமைப்புக்குத் தலைமை ராஸ் பிரான். பிற்பாடு ஃபெராரியில் ஷூமாக்கரோடு சாம்பியன்ஷிப்களைக் குவித்தாரே, அவரேதான். பின்னால் இருந்தது ஃபார்முலா ஒன்னுக்காகச் செய்த 3.5 லிட்டர் ஃபோர்டு காஸ்வொர்த் வி8. அப்போது ஜாகுவார் ஃபோர்டு கைக்குப் போயிருந்தது. அந்த வருடம் உலக ஸ்போர்ட்ஸ்கார் சாம்பியன்ஷிப்பை ஜாகுவார் அணி வென்றது, ஓட்டுநர் பட்டம் தியோ ஃபாபிக்கு.

அடுத்த வருடம் அதே வடிவத்தில், ஜட் கம்பெனியின் வி10 இன்ஜினை வைத்து, மாஸ்டா எம்எக்ஸ்ஆர்-01 என்று ஒரு கார் களத்துக்கு வந்தது. இன்ஜின் மூடியிலும் மாஸ்டா என்றே எழுதினார்கள். அப்புறம் சில வருடம் கழித்து, அதே எக்ஸ்ஜேஆர்-14 கூட்டின் மேல்பகுதியை வெட்டித் திறந்து, போர்ஷே 962-இன் வழியில் வந்த 3 லிட்டர் டர்போ ஃபிளாட்-6 இன்ஜினைப் பொருத்தினார்கள். அதற்குப் பெயர் போர்ஷே டபிள்யூஎஸ்சி-95. ஒரு வடிவம், மூன்று முத்திரை. ஜாகுவாராக லே மான் பந்தயத்தில் ஒரு சுற்றுகூட ஓடாத அந்தக் கூடு, போர்ஷேவாக 1996, 1997 என்று இரண்டு வருடம் அங்கே ஜெயித்தது. இரண்டு முறையும் அதே ஒரு கார்.

இந்த மூன்றையும் ரசிகர்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்று பாருங்கள். மாஸ்டாவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கே வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

1991-இல் லே மானை வென்ற மாஸ்டா 787பி-யைத் தெரியாத ரசிகர் கிடையாது. பிஸ்டனுக்குப் பதில் நான்கு ரோட்டர் சுழலும் ரோட்டரி இன்ஜின், காதைத் துளைக்கும் சத்தம், ஆரஞ்சும் பச்சையும் கலந்த வண்ணம். லே மானை முழுதாக வென்ற முதல் ஜப்பானிய கார். ஆனால் அதன் சேஸிஸை வடிவமைத்தவர் நைஜல் ஸ்ட்ரௌட் என்ற ஆங்கிலேயர். களத்தில் அணியை நடத்துவதில் பிரான்ஸின் ஒரேகா கைகொடுத்தது, ஆலோசனை சொன்னவர் பெல்ஜியத்தின் ஜாக்கி இக்ஸ். ஓட்டியவர்கள் வைட்லர், ஹெர்பர்ட், கஷோ மூவரும் ஐரோப்பியர்கள். கணக்குப் போட்டால் காரில் பாதிக்கு மேல் வெளிநாடு. ஆனால் ரோட்டரி இன்ஜின் மாஸ்டாவின் ஊரான ஹிரோஷிமாவுடையது. உலகத்தில் மற்ற கம்பெனிகள் கைவிட்ட பிறகும் பல வருடம் தோற்றுத் தோற்று அதையே கட்டிக்கொண்டு லே மானுக்கு வந்தது மாஸ்டா. அதனால் அந்தக் கார் நட்டு போல்ட்டு வரைக்கும் மாஸ்டா என்றே எல்லோருக்கும் தோன்றுகிறது. எனக்கும்தான்.

அடுத்த வருடம் விதி மாறியது, ரோட்டரிக்கு இடமில்லை. எம்எக்ஸ்ஆர்-01 வந்தது. மோசமான கார் இல்லை. 1992 லே மானில் நான்காவதாக முடித்தது. ஆனால் அதைப் பற்றி இன்று யார் பேசுகிறார்கள்? சேஸிஸ் இங்கிலாந்தில் பிறந்தது என்பது காரணமாக இருக்க முடியாது, 787பி-யின் சேஸிஸும் ஆங்கிலேயர் வடிவமைத்ததுதான். மாஸ்டா எடுத்த முடிவு என்று சுட்டிக்காட்ட அந்தக் காரில் ஏதும் இல்லை. அதுதான் காரணம். கூடு ஜாகுவாருக்காக யோசித்தது, இன்ஜின் ஜட் யோசித்தது. மாஸ்டாவுக்கு மிச்சமிருந்தது வண்ணமும் எழுத்தும்.

ஜாகுவாரிலும் இதே மாதிரி ஒரு படிநிலை உண்டு. 1988-இல் லே மானை வென்ற எக்ஸ்ஜேஆர்-9-உம் டிடபிள்யூஆர் கட்டியதுதான், வரைந்தவர் டோனி சவுத்கேட். ஆனால் உள்ளே இருந்த 7 லிட்டர் வி12, ஜாகுவார் சாலையில் விற்ற காரின் இன்ஜினிலிருந்து வளர்த்தது. 1957-க்குப் பிறகு முதல் முறையாக ஜாகுவார் ஜெயித்தது என்று இங்கிலாந்தே கொண்டாடியது. வேகத்தில் எக்ஸ்ஜேஆர்-14 எங்கேயோ இருந்தது, பொறியியலில் அதை மிஞ்ச அந்தக் காலத்தில் ஆள் இல்லை. ஆனாலும் ஜாகுவார் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல என்னால் முடிவது எக்ஸ்ஜேஆர்-9-ஐத்தான். இரண்டும் ஒரே பட்டறைக் கார்கள் என்பதைக் கவனியுங்கள்.

போர்ஷே டபிள்யூஎஸ்சி-95 கதை இன்னும் சுவாரசியம். அமெரிக்கப் பந்தயத்துக்காகத் தொடங்கிய திட்டம், அங்கே 1995-இல் விதியை மாற்றியதும் போர்ஷே கைகழுவிவிட்டது. அதை எடுத்து லே மானுக்குக் கொண்டுபோனவர் தனியார் அணி நடத்திய ரைன்ஹோல்ட் யோஸ்ட். 1996-இல் போர்ஷே தன் வைசாக் ஆய்வு மையத்தில் பார்த்துப் பார்த்துக் கட்டிய 911 ஜிடி1-ஐ இறக்கியது. அவை இரண்டாவது, மூன்றாவது இடம். முதலிடம் யோஸ்ட்டின் காருக்கு. 1997-இல் தொழிற்சாலைக் கார்கள் இரண்டும் முடிக்கவில்லை, மறுபடியும் யோஸ்ட். மூக்கில் ஒரே முத்திரையோடு ஓடியவற்றில், வீட்டில் கட்டியதை வெளியில் பிறந்த கூடு இரண்டு வருடம் தொடர்ந்து தோற்கடித்தது.

போர்ஷே இதை எப்படி எடுத்துக்கொண்டது? லே மானில் மொத்தம் 19 வெற்றி என்று போர்ஷே சொல்லிக்கொள்கிறதே, அந்த 19-க்குள் 1996-உம் 1997-உம் சேர்ந்தே இருக்கின்றன. 1979-இல் கொலோன் நகரத்து கிரெமர் சகோதரர்கள் 935-ஐத் தங்கள் பட்டறையில் பிரித்து மாற்றிச் செய்த கே3 ஜெயித்ததும் அதற்குள் இருக்கிறது. 1994-இல் யோகன் டவுவர் 962-ஐச் சாலைக் காராகப் பதிவு செய்து, அதை வைத்து ஜிடி பிரிவில் நுழைந்து வென்றதும் இருக்கிறது. இதைச் சாமர்த்தியமான கணக்கு என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பந்தயக் காரைச் செய்து வெளியாட்களுக்கு விற்று, அவர்கள் அதை வைத்துத் தங்களையே தோற்கடித்தாலும் பரவாயில்லை என்று இருப்பது போர்ஷேயின் அரை நூற்றாண்டு வழக்கம். கூட்டைச் செய்தவர் யார் என்பதைவிட அந்த வழக்கம்தான் போர்ஷேயை அடையாளம் காட்டுகிறது. டபிள்யூஎஸ்சி-95-ஐ முழுப் போர்ஷே என்று நான் சொல்ல மாட்டேன். இன்ஜின் அவர்களுடையது, கூடு பற்றிய யோசனை அவர்களுடையது இல்லை. பாதிப் போர்ஷே. அந்தப் பாதியும் எம்எக்ஸ்ஆர்-01-க்கு மாஸ்டா கொடுத்ததைவிடப் பல மடங்கு அதிகம்.

962-ஐப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அங்கே வெளியே கட்டியதற்கு உயிர்ப் பிரச்சினையே ஒரு காரணம். 956-உம் அதன் தம்பி 962-உம் அலுமினியத் தகட்டில் செய்த மோனோகாக் கார்கள், அதாவது தனிச் சட்டம் இல்லாமல் கூடே எல்லாப் பாரத்தையும் தாங்கும் கார்கள். வேகமும் டயரின் பிடிப்பும் ஏற ஏற, அந்த அலுமினியக் கூடு வளைந்து கொடுக்க ஆரம்பித்தது. 1985-இல் மான்ஃபிரெட் விங்கெல்ஹாக் மாஸ்போர்ட்டில் 962-இலும், ஸ்டெஃபான் பெல்லாஃப் ஸ்பாவில் 956-இலும் உயிரிழந்தார்கள். அந்தக் காலத்தில் தனியார் அணிகள் கெட்டியான கூட்டைத் தாங்களே தேடத் தொடங்கின. இங்கிலாந்தில் ரிச்சர்ட் லாயிட் அணிக்குத் தேன்கூட்டு அலுமினியத்தில் 956-க்கு ஒரு கூட்டை வடிவமைத்தவர் நைஜல் ஸ்ட்ரௌட். ஆமாம், பிறகு 787பி-யைச் செய்தவரேதான். ஜான் தாம்சன் என்பவர் ப்ரூன், கிரெமர் அணிகளுக்குக் கூடு கட்டிக் கொடுத்தார். அமெரிக்காவில் போர்ஷே பந்தயப் பிரிவுக்கே தலைவராக இருந்த ஆல் ஹோல்பர்ட்டும் அங்கேயுள்ள பட்டறைகளில் கூடுகளைச் செய்யவைத்தார். ஓட்டுபவரின் கால் முறியாமல் இருக்க வேண்டும், கார் வளைவில் நேராக நிற்க வேண்டும் என்று செய்த மாற்றங்கள் இவை. இவற்றை அசல் இல்லை என்று தள்ளுபவர்கள் அந்தக் காலத்துப் பந்தயம் எப்படி நடந்தது என்று ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டும்.

இங்கே பழைய கார் சேகரிப்பவர்களின் பார்வையையும் சொல்லிவிடலாம், ஏனென்றால் அசல் என்பதற்குப் பணத்தில் விலை வைப்பவர்கள் அவர்கள்தான். 962-களில் விபத்துக்குப் பின் கூடு மாறிய கார், ஒரே எண்ணில் அடுத்த கூட்டோடு தொடர்ந்த கார் எல்லாம் உண்டு. அங்கே நான் பார்ப்பது காலத்தை. 1987-இல் பந்தயத்துக்காக ஒரு அணி தாம்சனின் கூட்டைப் பொருத்தியிருந்தால் அது அந்தக் காரின் வரலாறு. அதே அளவில், அதே பொருளில், போன வருடம் புதிதாகச் செய்து பொருத்தினால் அது நகல். இரண்டுமே போர்ஷே தொழிற்சாலைக்கு வெளியே செய்ததுதான், ஆனால் மதிப்பு ஒன்றாகாது. அந்தக் காலத்துப் படங்கள், அணியின் பதிவேடு, கை மாறிய ஆவணங்கள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். கட்டியவர் பெயர் அதற்கு அடுத்துத்தான்.

ஃபெராரியும் இதற்கு வெளியே இல்லை. 1994-இல் வந்த 333 எஸ்பி-யின் உள்ளே ஃபார்முலா ஒன் வழியில் வந்த 4 லிட்டர் வி12. சேஸிஸ் வேலையில் டல்லாரா, பிறகு கட்டியது பாதுவாவின் மிக்கெலோட்டோ. 1998-இல் டேடோனா 24 மணி நேரத்தை அது வென்றபோது அதைத் தூய ஃபெராரி என்றே எல்லோரும் கொண்டாடினார்கள். இப்போது லே மானில் 2023, 2024, 2025 மூன்று வருடமும் ஜெயித்த 499பி-யிலும் டல்லாராவின் கை உண்டு.

ஜியாம்பாவுலோ டல்லாரா என்ற மனிதரைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபெராரியில் வேலை பார்த்தவர், மசெராட்டியில் இருந்தவர், லம்போர்கினி மியூராவின் சேஸிஸைச் செய்தவர். 1972-இல் பார்மா பக்கத்தில் தன் ஊரான வாரானோவில் கம்பெனி தொடங்கினார். இப்படிப்பட்ட ஒருவரிடம் கூடு செய்யக் கொடுப்பதை ஏதோ குறுக்குவழி போலப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. அந்த ஒரு வேலையை வாழ்நாள் முழுக்கச் செய்தவர்கள் அவர்கள்.

ஆடி ஆர்8-ஐப் பாருங்கள். 2000-க்கும் 2005-க்கும் இடையில் ஐந்து முறை லே மானை வென்ற கார். கூடு டல்லாரா. பெரும்பாலான வெற்றிகளில் ஓட்டிச் சென்ற அணி, மேலே சொன்ன அதே யோஸ்ட். ஆனால் கியர்பாக்ஸும் பின்பக்க சஸ்பென்ஷனும் மொத்தமாகக் கழன்று, சில நிமிடத்தில் புதிது மாட்டும்படி இருக்க வேண்டும் என்ற யோசனை ஆடியுடையது. பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறையை 2001-இல் அந்தக் காரில் வைத்து ஓட்டிப் பார்த்து, பிறகு சாலைக் கார்களுக்குக் கொண்டுவந்ததும் ஆடிதான். பந்தயத்தில் கற்றது கம்பெனிக்கு வந்து சேர்ந்தது. 1999-இல் லே மானை வென்ற பிஎம்டபிள்யூ வி12 எல்எம்ஆர்-ஐக் கட்டியது வில்லியம்ஸ் ஃபார்முலா ஒன் அணி. தன் பெயரில் ஓடிய காரில் பிஎம்டபிள்யூவுக்கு அங்கே கிடைத்த ஒரே வெற்றி அது. இங்கிலாந்தில் கட்டியது என்று மியூனிக்கில் யாரும் அதை ஒளித்துவைக்கவில்லை.

எல்லாம் நல்ல உதாரணமாகவே சொல்கிறேன் என்று தோன்றலாம். வெளியே கட்டுவது உண்மையாகவே பெயரைக் கெடுத்த இடங்களும் உண்டு.

நம் சென்னையின் கருண் சந்தோக் 2010-இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனது ஹிஸ்பானியா அணியில். அந்த எஃப்110 காரை வடிவமைத்துக் கட்டியது டல்லாரா. பணப் பிரச்சினையில் அணி கைமாறி, கார் முழுதாகத் தயாராகாமலே பஹ்ரைனுக்கு வந்தது. அவர் அந்தக் காரை முதன்முதலாக ஓட்டியதே தகுதிச் சுற்றில்தான். சில பந்தயங்களிலேயே அணிக்கும் டல்லாராவுக்கும் உறவு முறிந்தது. அதன் பிறகு காரை வளர்க்க உள்ளே ஆள் இல்லை. அடுத்த வருடம் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் அதன் வழியில் வந்த காரோடு ஆஸ்திரேலியா போனபோது, தகுதி பெறத் தேவையான நேரத்தையே எட்ட முடியவில்லை. நம் ஆட்களுக்குக் கிடைத்த அரிய வாய்ப்பு அப்படிப் போனது எனக்கு இன்னும் வருத்தம்தான். பிழை டல்லாராவிடம் வாங்கியதில் இல்லை. வாங்கியவரிடம் முடிவெடுக்கும் அறிவும் அதைத் தாங்கும் பணமும் இல்லாததில் இருந்தது. 2016-இல் ஹாஸ் அணியும் டல்லாராவிடம் சேஸிஸ் செய்யவைத்து, ஃபெராரியின் இன்ஜினையும் பல பாகங்களையும் வாங்கித்தான் வந்தது. முதல் பந்தயத்திலேயே குரோஷான் ஆறாவது இடம். அந்த அணி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஃபார்முலா ஒன் விதியே, ஒரு பாகத்தை யார் கையால் செய்தார்கள் என்பதைவிட அதன் வடிவமைப்பு உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்கிறது.

இன்னொரு வகை, வெறும் பெயர்ப் பலகை. 2019 முதல் 2023 வரை ஃபார்முலா ஒன்னில் ஆல்ஃபா ரோமியோ என்ற பெயரில் ஓடியவை ஸ்விட்சர்லாந்தின் ஹின்வில்லில் சாபர் அணி வடிவமைத்துச் சாபர் அணியே கட்டிய கார்கள், இன்ஜின் ஃபெராரியுடையது. 1950-இல் முதல் உலக சாம்பியன்ஷிப்பையே வென்ற பெயர் அது. அந்தப் பெயர் ஒரு விளம்பர ஒப்பந்தமாக வந்து, ஒப்பந்தம் முடிந்ததும் போனது. உங்கள் கேள்வியில் உள்ள கோபத்தை இந்தக் காரின் மேல் காட்டினால் நானும் உங்களோடு சேர்ந்துகொள்வேன்.

சொந்தமாகச் செய்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. 2009-இல் ஆஸ்டன் மார்ட்டின், லோலாவின் கூட்டில் தன் 6 லிட்டர் வி12-ஐ வைத்து லே மானில் நான்காவதாக வந்தது, பெட்ரோல் கார்களில் முதலாவது. லோலா-ஆஸ்டன் மார்ட்டின் என்று இரண்டு பெயரையும் சேர்த்தே அறிவித்தார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. 2011-இல் எல்லாம் நமதாகவே இருக்கட்டும் என்று ஏஎம்ஆர்-ஒன் கொண்டுவந்தார்கள். இரண்டு கார்களும் சில சுற்றுகளிலேயே நின்றுவிட்டன. அந்த வி12-இன் சத்தத்தை இன்றும் தேடிக் கேட்கிறார்கள், ஏஎம்ஆர்-ஒன்னை நினைவுபடுத்துபவர் இல்லை.

இனி நீங்கள் கேட்ட 963. இது எல்எம்டிஎச் என்ற விதியில் வந்த கார். செலவைக் கட்டுப்படுத்துவதற்காக, டல்லாரா, லிஜியே, மல்டிமேட்டிக், ஒரேகா என்ற நால்வரில் ஒருவரிடம்தான் சேஸிஸ் வாங்க வேண்டும் என்பது விதி. வேண்டுமானாலும் வைசாக்கில் கட்ட முடியாது. மின் மோட்டார் பாஷ், பேட்டரி வில்லியம்ஸ் அட்வான்ஸ்டு இன்ஜினியரிங், கியர்பாக்ஸ் எக்ஸ்டிராக். இவை எல்லாக் கம்பெனிக்கும் பொது. எடை 1030 கிலோ, மொத்த சக்தி 500 கிலோவாட் என்ற வரம்பும் பொது. கம்பெனிக்கு விட்டது பெட்ரோல் இன்ஜின், வெளி உடலின் வடிவம், எல்லாவற்றையும் ஒத்திசைக்கும் மென்பொருள்.

அந்த விட்ட இடத்தில் போர்ஷே என்ன செய்தது? தன் சாலைக் காரான 918 ஸ்பைடரின் 4.6 லிட்டர் வி8-ஐ எடுத்து இரட்டை டர்போ வைத்தது. அந்த 918-இன் இன்ஜினுக்கே தாய் ஆர்எஸ் ஸ்பைடர் பந்தயக் கார். பழைய வழக்கப்படி காரைத் தனியார் அணிகளுக்கும் விற்றது. 2024-இல் ஸ்பா 6 மணி நேரப் பந்தயத்தில் ஜோட்டா என்ற தனியார் அணியின் 963, தொழிற்சாலைக் கார்களைத் தாண்டி ஜெயித்தது. அதே வருடம் டேடோனாவும், லே மான் அடங்கிய உலகப் போட்டியின் ஓட்டுநர் பட்டமும் தொழிற்சாலை அணிக்குக் கிடைத்தன. இதைவிடப் போர்ஷே குணம் உள்ள ஒரு கதையை வைசாக்கில் கட்டியிருந்தாலும் எழுத முடியாது. பிஎம்டபிள்யூவும் கேடிலாக்கும் ஒரே டல்லாரா எலும்புக்கூடுதான். ஆனால் கேடிலாக்கின் 5.5 லிட்டர் டர்போ இல்லாத வி8 வந்தால் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று கேட்டேனே, அதற்கு 2024 லே மானில் ஒரு சாட்சி கிடைத்தது. ஆல்பீன் ஏ424-இன் சேஸிஸ் ஒரேகா, இன்ஜின் மெக்காக்ரோம். சொந்த மண்ணில், சொந்த ரசிகர்கள் முன்னால், இரண்டு கார்களும் இன்ஜின் கோளாறில் முதல் சில மணி நேரத்திலேயே நின்றன. அன்று தலைகுனிந்து நின்றது ஆல்பீன். ஒரேகாவையோ மெக்காக்ரோமையோ யாரும் திட்டவில்லை. கட்டியவரின் பின்னால் ஒளிய முடியாது என்னும்போது பெயர் மட்டும்தான் அவர்களுடையது என்று எப்படிச் சொல்வது?

ஆனாலும் 963-ஐ 919 ஹைபிரிட்டுக்குச் சமமாக வைப்பீர்களா என்று கேட்டால், மாட்டேன். 2015, 2016, 2017-இல் ஜெயித்த 919-இல் போர்ஷே சொந்தமாக யோசித்த விஷயங்கள் ஏராளம். வெளியேறும் புகையிலிருந்தே மின்சாரம் எடுத்த கார் அது. 963-இல் யோசிக்கவே அனுமதி இல்லாத பகுதிகள் அதிகம். குறை இருந்தால் அது அங்கே இருக்கிறது, மல்டிமேட்டிக்கின் பட்டறையில் இல்லை. ஆடியும் 963-இன் அதே அடித்தளத்தில் ஒரு எல்எம்டிஎச் கார் செய்வதாக இருந்து 2022-இல் கைவிட்டது. அது வந்திருந்தால், ஒரே கூட்டில் போர்ஷேவையும் ஆடியையும் எவ்வளவு தூரம் பிரித்துக் காட்ட முடியும் என்று தெரிந்திருக்கும். வராமல் போனதில் எனக்கு ஏமாற்றம்தான்.

அடுத்து நீங்கள் கவனிக்க வேண்டிய கார் ஜெனிசிஸ் ஜிஎம்ஆர்-001. ஹூண்டாய் குழுமம் 2026 உலகப் போட்டிக்காகச் செய்தது. லே மானில் அவர்களுக்குப் பழைய பெயர் எதுவும் கிடையாது, சேஸிஸ் ஒரேகாவுடையது. ஆனால் வி8 இன்ஜினைத் தங்கள் உலக ராலி காரின் நான்கு சிலிண்டர் இன்ஜினிலிருந்து வளர்த்திருக்கிறார்கள். நான் பார்க்கப்போவது அந்த இன்ஜினைத்தான். அது உடைந்தால் தாங்களே பிரித்துச் சரிசெய்து, அடுத்த வருடமும் அதையே கொண்டுவருகிறார்களா என்று பாருங்கள். இரண்டு மூன்று வருடம் அப்படி நின்றால், அந்தக் காரை ஜெனிசிஸ் என்று கூப்பிட எனக்குத் தயக்கம் இருக்காது.